நடுவயது அங்கத்தினருக்கு ஒரு பேரேடு

(பாவூர்சத்திரம் வட்டாரக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சங்கத்தின் கணக்குகள் ஆண்டுக்கொரு முறை தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பது சட்டம். லாபத்தில் நடக்கும் சங்கமாயினும் நஷ்டத்தில் நடக்கும் சங்கமாயினும் இதற்கு விலக்கு இல்லை. "எங்கள் சங்கத்தில் கோளாறு ஒன்றும் இல்லையே, தணிக்கை எதற்கு?" என்று கேட்ட தலைவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் ஐம்பது வயதை நெருங்கும் அதே தலைவரிடம், "தங்கள் இரத்த அழுத்தத்தை ஒரு முறையேனும் அளந்து பார்த்ததுண்டா?" என்று வினவினால், "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே!" என்று விடை வருகிறது. கணக்கின் விஷயத்தில் ஒப்புக்கொண்ட நியாயத்தை உடம்பின் விஷயத்தில் ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

நடுவயது அடைந்த அங்கத்தினர்களின் உடல்நிலையை முறையாகப் பரிசோதித்து வருவதைச் சங்கங்கள் தம் அலுவல்களுள் ஒன்றாக ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. இதனைச் சொல்லும்போதே, முகாம் ஒன்று நடத்தி, பந்தல் போட்டு, படம் எடுத்துக்கொண்டு முடிப்பதை நான் கருதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வகை முகாம்களைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

முதலில், இது சங்கத்தின் வேலையா என்ற கேள்வி எழும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தென்காசி அரசு மருத்துவமனை இருக்கிறது. நாற்பது கிலோமீட்டரில் திருநெல்வேலி இருக்கிறது. சங்கம் நூலையும் உரத்தையும் கவனித்தால் போதாதா என்பர். மருத்துவம் செய்வது சங்கத்தின் வேலை அன்று. ஆனால் ஆளைக் கூட்டுவதும், பெயரைப் பதிவதும், தவணை தப்பியவரைத் தேடிப் போவதும் நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஸ்தாபனம் கிராமத்தில் வேறு எது?

நம் அங்கத்தினர்களின் அன்றாட வாழ்வை எண்ணிப் பாருங்கள். காய்கறி பயிர் செய்வோர் விடியுமுன் எழுந்து பாவூர்சத்திரம் சந்தைக்குச் சரக்கு கொண்டு வருகின்றனர். மூடைகள் எடை போடப்பட்டு, கேரளத்துக்குச் செல்லும் லாரிகளில் ஏறிய பிறகு வீடு திரும்பி, மீண்டும் கிணற்றடிக்கோ களத்துக்கோ போய்விடுகின்றனர். நெசவாளர் தறிக்குழியில் இறங்கினால் பாவு முடியும்வரை வெளியில் தலைகாட்டுவதில்லை. பீடி சுற்றும் தாய்மார்களோ அன்றைய எண்ணிக்கை முடியுமுன் மடியிலிருந்து சொளவை இறக்கி வைப்பதில்லை. இவர்களுள் ஒருவரும் உடம்பு விழாத நாளில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப் போவதில்லை. நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஆயினும், நெய்த சரக்கை ஒப்படைத்துக் கூலியும் நூலும் பெறுவதற்கு நெசவாளர் சங்கத்துக்கு வந்தே தீர வேண்டும். பயிர்க்கடனைப் புதுப்பிக்க விவசாயி வந்தே தீர வேண்டும். பால் சங்கமாயின் தினந்தோறும் வருகின்றனர். அவ்விதம் தாமே வந்து சேரும் நாளில் பத்து நிமிஷம் கேட்பது பெரிய காரியமன்று.

நடுவயதில் உடம்புக்குள் புகும் நோய்களின் சுபாவமும் இங்கே கவனிக்கத் தக்கது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தவுடனே தெரிவிக்கின்றன. இரத்தக் கொதிப்பு அவ்வாறு தெரிவிப்பதில்லை. தலை சுற்றினால்தான் கொதிப்பு என்று நம்மவர் எண்ணுகின்றனர். பெரும்பாலோருக்கு எந்தச் சுற்றலும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அது ஏறியே இருக்கிறது. அக்காலம் முழுவதும் அது மூளையிலுள்ள இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சிறுகச் சிறுகக் கெடுத்து வருகிறது. ஒரு நாள் காலையில் நாடாவைப் பிடித்த கை நழுவுகிறது, வாய் கோணுகிறது. பக்கவாதம் "திடீரென்று" வந்துவிட்டது என்கிறோம். சர்க்கரை வியாதியும் இத்தகையதே. காலில் முள் குத்தியது தெரியாமல் வயலில் நடந்து, புண் அழுகி, விரலை எடுத்த பிறகுதான் தமக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் இல்லாமல் இல்லை.

2020ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் வயது வந்தோரிடையே உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறையைப் பின்பற்றி ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன்படி நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்தது. இவை திடுக்கிட வைக்கும் எண்களே. ஆயினும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது மற்றோர் எண். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு 7.3 பேரே, நீரிழிவு உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு 10.8 பேரே. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவருள் பலர் மாத்திரை உண்பதில்லை. மாத்திரை உண்பவருள் பலர் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. கடன் சங்கங்களில் பழகியவனுக்கு இந்தக் கணக்கின் பொருள் உடனே விளங்கும். நூறு பேருக்குக் கடன் கொடுத்து ஏழு பேரிடம் வசூலான சங்கத்தை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

இந்நிலையை மாற்றவே தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதும், நோய் கண்டவர்க்கு மாத்திரையை வீட்டிலேயே சேர்ப்பதும் அதன் நடைமுறை. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு ஒன்று இதற்கு விருது வழங்கியது. ஆளும் கட்சி எதுவாயினும், நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரி நோயாளியைத் தேடிப் போக வேண்டும் என்ற அக்கொள்கை சரியானதே என்று நான் கருதுகிறேன். ஆனால் வீட்டைத் தேடிச் செல்பவருக்குப் பகலில் வீட்டில் அகப்படுவோர் முதியவர்களே. சந்தையிலும் வயலிலும் மேஸ்திரி வேலையிலும் இருக்கும் நாற்பது வயது ஆண்மகன் அகப்படுவதில்லை. கதவு தட்டி அடைய முடியாத அவனைச் சங்கத்தின் வாசலில் அடையலாம்.

இனி முகாம்களைப் பற்றி. நான் பார்வையிட்ட சங்கம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் பெரியதொரு முகாம் நடந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தனர், இரத்தம் எடுத்தனர், தேநீரும் வடையும் வழங்கினர். செலவுச் சீட்டுகள் யாவும் ஒழுங்காயிருந்தன. முடிவுத் தாள்கள் எங்கே என்று கேட்டபோது பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் காட்டப்பட்டது. பாதிக்கு மேல் உரியவர் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. சர்க்கரை 300க்கு மேல் என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருந்த தாளும் அக்கட்டில் இருந்தது. கணக்கு வகையில் அந்த முகாமில் நான் எழுதுவதற்குக் குறை ஒன்றும் இல்லை. வடைக்கும் ரசீது இருந்தது.

தணிக்கை அறிக்கை எழுதப்படுவதோடு தணிக்கை முடிந்துவிடுவதில்லை என்பது நிர்வாகக் குழுவினர் அனைவரும் அறிந்ததே. குறை நிவர்த்தி அறிக்கை வர வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே என்ன செய்யப்பட்டது என்று எழுத வேண்டும். நிவர்த்தி இல்லாத தணிக்கை தாளுக்குப் பிடித்த கேடு. உடல் பரிசோதனைக்கும் இதே விதிதான். இது என் மனப்போக்கு மட்டுமன்று. பிற தேசங்களில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன.

அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினர்களுக்கு ஒரே தடவையில் பல பரிசோதனைகளைச் செய்ய, கைசர் என்னும் மருத்துவ ஏற்பாட்டுடன் சேர்ந்து வழி கண்டது. ஆயிரக்கணக்கான சுமைதூக்கும் தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். தொழிற்சங்கம் ஒன்று இதில் முந்திக்கொண்டது நமக்கும் பெருமைதான். பின்னர் 1964இல் அதே நிறுவனம் முப்பத்தைந்து முதல் ஐம்பத்துநான்கு வயதுள்ளோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆண்டுதோறும் முழுப் பரிசோதனைக்கு வருமாறு வற்புறுத்தி, மற்றப் பிரிவினரை அவரவர் போக்கில் விட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது இரு பிரிவிலும் மொத்த மரணங்கள் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஆனால் இரத்தக் கொதிப்பினாலும் பெருங்குடல் புற்றுநோயினாலும் நேர்ந்த மரணங்கள் மட்டும் பரிசோதனைப் பிரிவில் குறைந்திருந்தன. 2019இல் இத்தகைய 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து இரண்டரை லட்சம் மக்களின் விவரங்களைப் பார்த்தவர்களும், பொதுவான முழு உடல் பரிசோதனையால் மொத்த மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறினர்.

இதைக் கேட்டு, "அப்படியானால் பரிசோதனையே வேண்டாம்" என்று மகிழ்ந்து எழுந்துவிடாதீர்கள். தனியார் பரிசோதனைக் கூடங்கள் நூறு அளவுகளைச் சொல்லி, ஆயிரங்களை வாங்கிக்கொண்டு, வண்ண அட்டையில் முடிவு தருகின்றனவே, அத்தனை அளவுகளும் ஆயுளை நீட்டிவிடா என்பதே இதன் பொருள். அவற்றால் வேறொரு தொல்லையும் உண்டு. நூறு அளவு பார்த்தால் ஏதேனும் இரண்டு மூன்று எல்லை தவறித்தான் இருக்கும். அவற்றை விரட்டிக்கொண்டு ஸ்கேன், மறு ஸ்கேன் என்று திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் அலைந்து, கடைசியில் "ஒன்றும் இல்லை" என்ற சொல்லைப் பெருந்தொகைக்கு வாங்கி வருகிறோம். சில நோய்கள், அவற்றை முன்னரே காட்டும் எளிய சோதனைகள், கண்டவுடன் கைக்கெட்டும் சிகிச்சை என்ற மூன்றும் கூடிய இடத்தில்தான் பலன் விளைகிறது.

அத்தகைய இடத்தைத் தேடி அமெரிக்காவரை செல்ல வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டமே போதும். 2000ஆம் ஆண்டு தொடங்கி, அங்குள்ள கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை நடத்தினர். முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் பங்குகொண்டனர். சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். கருவி என்னவென்றால் ஒரு விளக்கும், நீர்த்த அசெட்டிக் அமிலமும். சமையலில் சேரும் வினிகரில் உள்ள அமிலம்தான் அது. அதைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெடத் தொடங்கிய இடம் வெண்மையாகத் தெரியும். அவ்வாறு தெரிந்த பெண்களுள் தகுந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதத்தின்மேல், அதே அமர்வில் அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அந்த நர்ஸ்களே செய்தனர். 2007இல் முடிவு வெளியாயிற்று. ஒரே ஒரு தடவை நடத்திய சோதனையால் அந்நோயினால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்திருந்தது.

இந்த ஆய்வில் நம் கருத்துக்குரியது "அதே அமர்வில்" என்ற சொல்லே. "அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்கு வா" என்று அனுப்பியிருந்தால் அப்பெண்களுள் எத்தனை பேர் போயிருப்பர்? பஸ் கட்டணம், துணைக்கு ஆள், ஒரு நாள் கூலி, கணவனின் கேள்வி, மாமியாரின் பார்வை என்று அத்தனையையும் தாண்டிப் போவதற்கு நம் தாய்மார்களுக்கு ஓய்வு ஏது? கண்டதும் தீர்த்ததும் ஒரே கூரையின் கீழ் நடந்ததால்தான் உயிர்கள் மிஞ்சின. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. நம் சங்கங்களில் பெண் அங்கத்தினர் பலர் இருக்க, அவர்களுள் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. நாணம் ஒரு தடைதான். ஆனால் பெண் டைரக்டர் ஒருவர் தாம் முதலில் செய்துகொண்டு வந்து, "வலி இல்லை, பத்து நிமிஷம்தான்" என்று மற்றவரிடம் சொன்னால் அந்தத் தடை பாதி விலகிவிடும். தலைவர்கள் மேடையில் பேசுவதைவிட இது அதிகப் பலன் தரும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் வாய்ப் புற்றுநோய்க்கு இதே போன்ற ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுகளுக்குச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் அடியையும் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே அந்நோயினால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் வெளியிட்டனர். பீடியும் வெற்றிலைப் புகையிலையும் நம் வட்டாரத்துக்கு அந்நியமானவை அல்ல. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ இருந்தால், மூன்று வாரத்துக்கு மேல் அதைப் பொறுத்துக்கொண்டிருப்பது தவறு.

நெசவாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்தை நாம் நோயென்று எண்ணுவதில்லை. அது நோயும் அன்று. ஆனால் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாமல் முழங்கணக்கில் நெய்துவிட்டு, சரக்கு ஒப்படைக்கும் நாளில் "பழுது" என்று கூலி பிடிக்கப்படும்போது அதன் விலை தெரிகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு, மலிவான படிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களைவிட நூற்றுக்கு 21.7 வீதம் கூடுதலாயிற்று. கொழுந்து பறிப்பதற்கே அவ்வளவு வேறுபாடு என்றால் இழை பிணைப்பதற்கு எவ்வளவு இருக்கும்! கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லுமே என்று நாற்பத்திரண்டு வயதுக்காரர் கூசுகிறார். பழுதுக்குக் கூலி பிடிப்பதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கூட்டுறவாளர்களே இக்காரியத்தை முன்னின்று நடத்திய உதாரணம் வேண்டுமாயின் ஜப்பானைச் சொல்லலாம். அங்கு நகானோ மாநிலத்தில் விவசாயிகள் கூட்டுறவுக்குச் சொந்தமான சாக்கு மத்திய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1945இல் அங்கு வந்து சேர்ந்த வாகாட்சுகி தோஷிகாசு என்னும் டாக்டர், கிராமத்து விவசாயிகள் ஏன் முற்றிய நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர் என்று ஆராய்ந்தார். மறைந்திருக்கும் நோய் இரு வகை என்றார் அவர். ஒன்று தானே அறியாத நோய். மற்றது அறிந்தும் பொறுத்துக்கொண்டிருக்கும் நோய். வறுமையும் வேலையும் வெட்கமும் இரண்டாவது வகையை வளர்க்கின்றன என்பது அவர் கண்டது. நம் ஊரில் "இதெல்லாம் ஒரு வலியா?" என்று சொல்லிக்கொண்டே களை எடுக்கும் ஆச்சிகளை அவர் பார்த்திருந்தால் தம் நாட்டுக்கே திரும்பி வந்துவிட்டதாக எண்ணியிருப்பார். அந்த டாக்டரும் ஆஸ்பத்திரி ஊழியரும் கிராமங்களுக்குச் சென்று வைத்தியம் பார்த்தபின், மாலையில் சுகாதார நாடகங்களும் போட்டனர்.

1959ஆம் ஆண்டு யாசிஹோ என்னும் கிராமத்தில் ஊரார் அனைவரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் வேலையை ஆஸ்பத்திரியும் கிராம நிர்வாகமும் சேர்ந்து தொடங்கின. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுகாதாரக் கைப்புத்தகம். அதற்கு எதிராக ஒரு சுகாதாரப் பேரேடு. கிராமத்தாரிடையேயிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதார வழிகாட்டிகள். பற்று வரவுப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கும் நம் முறைதான் இது. 1973 முதல் மாநிலம் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே இம்முறை பரவிற்று. 1982இல் ஜப்பானிய அரசு நாற்பது வயது கடந்தோருக்கான பரிசோதனையைச் சட்டமாக்கியபோது யாசிஹோவின் அனுபவமும் அதற்கு வழிகாட்டிற்று. வாகாட்சுகிக்கு 1976இல் மாக்சேசே விருது அளிக்கப்பட்டது. ஒரு கிராமத்தின் பேரேடு தேசத்தின் சட்டத்துக்கு முன்மாதிரியானதைக் கூட்டுறவு இயக்கத்தார் அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் கர்நாடகத்தில் "யஷஸ்வினி" என்னும் திட்டம் 2003இல் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகவே நடைமுறைக்கு வந்தது. இடையில் 2018இல் நிறுத்தப்பட்டு 2022இல் மீண்டும் தொடங்கிற்று. அது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கானது. நம் கைத்தறிச் சங்கங்களில் குடும்ப ஓய்வூதியத் திட்டமும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கின்றன. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் குடும்ப ஓய்வூதிய மனுவில் கையொப்பமிட வரும் விதவைத் தாயைப் பார்க்கும்போதெல்லாம், இறந்தவரின் வயதை எழுதும் இடத்தில் 47 என்றும் 51 என்றும் எழுதும்போதெல்லாம், இதற்கு முந்திய காகிதம் ஒன்று இருந்திருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும்? என் யோசனை இது. சங்கத்தில் ஒரு பேரேடு வைக்கப்படட்டும். முப்பது வயது கடந்த ஒவ்வோர் அங்கத்தினர்க்கும், அவர் வாழ்க்கைத் துணைக்கும் அதில் ஒரு பக்கம். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, வாய். பெண்களுக்குக் கருப்பை வாயும் மார்பகமும். நாற்பது கடந்தவர்க்குக் கண். இவ்வளவுதான் வேண்டும். அரசின் திட்டத்திலும் முப்பது வயதே எல்லை. அளப்பவர் சுகாதார நிலையத்தின் நர்ஸ். அவரைச் சரக்கு ஒப்படைக்கும் நாளிலும் கடன் புதுப்பிக்கும் வாரத்திலும் வருமாறு காரியதரிசி எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இயங்குகிறது. ஒரு முறை அளந்ததில் 140க்கு 90ஐத் தாண்டினால் உடனே நோயாளி என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. வெயிலில் மூடை சுமந்து வந்தவருக்கும், கடன் கிடைக்குமோ என்று கவலையோடு உட்கார்ந்திருப்பவருக்கும் சற்று ஏறித்தான் இருக்கும். வேறொரு நாளில் மறுபடியும் அளந்து உறுதிசெய்ய வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126க்கு மேல் இருந்தாலும் அவ்வாறே.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அளவு எண்கள் பேரேட்டில் எழுதப்படக் கூடாது. அவை அங்கத்தினரின் கைப்புத்தகத்திலும் சுகாதார நிலையத்திலும் மட்டுமே இருக்க வேண்டும். பேரேட்டில் பார்த்த தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி என்ற இரண்டு பத்திகள் போதும். கடன் மனு வரும்போது, "இவருக்கு இருதயக் கோளாறு, கடன் திரும்புமோ?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் வாய்திறந்தால் போதும், மறுநாள் முதல் ஒருவரும் கையை நீட்ட மாட்டார். அங்கத்தினர்களின் இந்த அச்சம் வீணானது என்று சொல்ல என்னால் இயலாது. நோய் காரணமாக எவருக்கும் கடனோ, நூலோ, தறியோ மறுக்கப்படாது என்று மகாசபைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். அத்தீர்மானம் இல்லாத சங்கத்தில் பேரேட்டைத் திறக்காமலிருப்பதே நல்லது.

தேதி தப்பியவரைத் தேடிப் போவதுதான் வேலையின் பெரும்பகுதி. மாத்திரை தொடங்கிய முதல் ஆண்டில் மாதம் ஒரு முறை அழுத்தம் அளக்கப்பட வேண்டும். "அளவு சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்துவோர் மிகப் பலர். மாத்திரையினால்தான் சரியானது என்று அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். அதைப் பக்கத்துத் தறிக்காரர் சொன்னால் டாக்டர் சொல்வதைவிட நன்றாக ஏறுகிறது. அரசு சுகாதார நிலையத்தில் இம்மாத்திரைகள் இலவசம். வாங்கினாலும், அம்லோடிபின் போன்ற சாதாரண மாத்திரை ஒன்று கடைத் தேநீரின் விலைக்கு வராது.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஓர் இரத்த அழுத்தக் கருவியும், ஒரு பேரேடும், அங்கத்தினர்க்கு ஒரு சிறு கைப்புத்தகமும், வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் சிலவும்தான் செலவு. துணைவிதிகளில் பொதுநல நிதிக்கு இடமுள்ள சங்கங்கள் அதிலிருந்து செலவிட மகாசபையின் அனுமதி பெறலாம். ஐயமிருந்தால் சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செலவிட்ட பிறகு கேட்டால் ஆய்வாளர் என்ற முறையில் நான் வேறு விதமாகப் பேச வேண்டிவரும்.

வரும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்க விரும்பும் சங்கங்கள் நிர்வாகக் குழுவினரையே முதலில் அளந்துகொள்ளட்டும். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் வெயிலும் தணிந்திருக்கும். வரிசையில் நிற்பவர்க்கும் சிரமம் இராது. முதற் பக்கத்தில் தலைவரின் பெயரும் இரண்டாம் பக்கத்தில் காரியதரிசியின் பெயரும் எழுதப்பட்ட பேரேட்டை என் அடுத்த பார்வையிடலின்போது மேஜைமேல் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்களை நான் பார்க்கப் போவதில்லை. தேதிகளை மட்டும் பார்ப்பேன்.